சனி மூலையில் தண்ணீர் மொண்டு கொடுத்த தம்பிக்கு

"அம்மா கிடைத்துவிட்டார்" என்று அன்று இரவு ஒரு வரிதான் எழுத முடிந்தது. பர்மாவில் எங்கள் ஊரான மோல்மீனுக்கு வந்து சேர்ந்து இன்றோடு நாலு நாள். அம்மா வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.

யாத்திரை போன இடத்தில், ரங்கூனின் ஷ்வேடகோன் புத்தர் கோயில் கூட்டத்தில் அம்மா தொலைந்துபோனதைத் திரும்ப விரிவாகச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று போனைக் கீழே வைக்காமல் எங்களோடு விழித்திருந்தவர்கள். அம்மாவின் கையை விட்டவள் நான். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் முதலில் சேர்த்து ஒரு கும்பிடு. அம்மாவின் படத்தைப் பகிர்ந்தவர்கள், ரங்கூனில் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்த சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள், நாலு வாசலிலும் ஆளுக்கொரு படிக்கட்டாக நின்ற அண்ணன்மார், ஒலிபெருக்கியில் சலிக்காமல் அடையாளம் சொல்லிக்கொண்டே இருந்த அம்மையார், பஸ் கிளம்பவேண்டிய நேரம் கடந்தும் ஒரு வார்த்தை முகம் சுளிக்காத ஓட்டுநர், எங்களோடு யாத்திரை வந்த மற்ற முப்பத்தெட்டுப் பேர். அதில் பாதிப் பேர் பர்மியரும் மோன்காரரும். எங்களுக்காக அன்று யாருமே சாப்பிடவில்லை என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதவேண்டும். எழுதுவேன்.

எங்களை அழைத்துப்போன சயாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. தட்டோன், சைத்தியோ, பெகு, ரங்கூன் என்று போன இடமெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்குமுன் அந்த ஊர்க் கதையைச் சொல்லிவிடுவார். சைத்தியோவில் தங்கப் பாறை பக்கம் பெண்கள் போய்த் தொட முடியாது; அப்பா பேரில் வாங்கிய தங்க ரேக்கை அம்மா கையிலிருந்து வாங்கி, கூட வந்த ஒருவரிடம் கொடுத்து ஒட்டவைத்தது சயாமாதான். பெகுவில், படுத்திருக்கும் ஷ்வேதால்யௌங் புத்தரைப் பார்க்கப் போகும்போது சொன்னார்: 1757இல் ஊர் அழிந்த பிறகு அந்தச் சிலையைக் காடு மூடிவிட்டதாம். 180 அடி நீளப் புத்தர் நூறு வருஷத்துக்கு மேல் அப்படியே கிடந்து, 1880இல் ரயில் பாதை வேலைக்கு வந்தவர்கள் கண்ணில்தான் பட்டாராம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "அம்மாம் பெரிய சாமியே தொலைஞ்சு போயி கெடைச்சிருக்காரு" என்று மெதுவாகச் சொன்னார். மறுநாள் அம்மாவைத் தேடிக்கொண்டு ஷ்வேடகோனின் 114 ஏக்கரிலும் அலைந்தபோது என் காதில் அந்த வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சரி, அந்தத் தம்பிக்கு வருகிறேன். இந்த மடலே அவருக்காகத்தான். பெயர் தெரியாது. இருபது வயதுக்கு மேல் இருக்காது. சாயங்கால வேளையில் ஷ்வேடகோன் தளத்தை வரிசையாக நின்று பெருக்கிக்கொண்டு போவார்களே, அந்தத் தொண்டர்களில் ஒருவர்.

நான் அம்மாவைக் கண்டுபிடித்தேன் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் நான் தேடுவதை விட்டுவிட்டேன். பர்மிய மாதமான தபாங்கின் பௌர்ணமித் திருவிழாக் கூட்டம். வடமேற்கில் சிங்கு ராஜா வார்த்த பெரிய மணி, வடகிழக்கில் அதைவிடப் பெரிய தாராவதி ராஜாவின் மணி, இடையில் இருக்கும் ஒவ்வொரு மண்டபம் என்று மூன்று சுற்று சுற்றியாயிற்று. மூடும் நேரம் வேறு நெருங்கியது. கால் துவண்டுவிட்டது. இனி செய்ய ஒன்றுமில்லை, அம்மா பேரில் தண்ணீராவது ஊற்றி வேண்டிக்கொள்வோம் என்று தென்மேற்கில் இருக்கும் சனி மூலைக்குப் போனேன். அம்மா சனிக்கிழமை பிறந்தவர். நவக்கிரகம் சுற்றுகிற பழக்கத்தில் வந்தவருக்கு, கிழமைக்கு ஒரு மூலை, அங்கே ஒரு புத்தர், கீழே அந்தக் கிழமைக்குரிய மிருகம் என்று இருப்பது அந்நியமாகவே பட்டதில்லை. மோல்மீனில் சைத்தான்லான் பயாவுக்கு, அதாவது எங்கள் ஊர்ப் புத்தர் கோயிலுக்குப் போனாலும் நேரே சனிக்குரிய நாகத்திடம்தான் போவார்.

அங்கே போனால், அம்மா நிற்கிறார்.

ஜாக்கெட் கை முழங்கை வரை நனைந்திருக்கிறது. கையில் ஒரு சின்ன அலுமினியக் குவளை. பக்கத்தில் அந்தத் தம்பி, கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து மொண்டு மொண்டு கொடுக்கிறார். அம்மா வாங்கிப் புத்தர் தலையில் ஊற்றுகிறார். துடைப்பம் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

"லாபம்... ரெண்டு... மூணு..."

நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அம்மா எதை எண்ணினாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். ஒரு பர்மியப் பிள்ளை வாயிலிருந்து அந்த 'லாபம்' வந்ததைக் கேட்டபோது எனக்கு நிற்கவே முடியவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு அவர் சொன்னதுதான் இது. படிக்கட்டுப் பக்கம் அம்மா திகைத்து நின்றிருக்கிறார். வந்தவர் போனவர் எல்லாம் பெயர் என்ன, ஊர் எது, யாரோடு வந்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்கக் கேட்க அம்மா மிரண்டு ஒதுங்கியிருக்கிறார். நன்றாகப் பர்மியம் பேசிய மனுஷிதான், இந்த ஒரு வருஷமாகப் பதற்றம் வந்தால் தமிழ் மட்டும்தான் வருகிறது. இந்தத் தம்பி வேறெதுவும் கேட்கவில்லை. "பாட்டி, நீங்கள் எந்தக் கிழமைப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டாராம். அம்மா உடனே "சனி" என்றிருக்கிறார். தமிழில்தான் சொன்னார். பர்மியத்தில் சனிக்கிழமைக்கு 'சனே' என்பதால் அது அவருக்கு அப்படியே புரிந்துவிட்டது.

"சனிக்கிழமைப் பாட்டியைத் தேடி வருகிறவர்கள் எப்படியும் சனி மூலைக்கு வருவார்கள் என்று நினைத்தேன்" என்றார். காவலரிடம் சொல்லிவிட்டு அங்கே கூட்டிப்போயிருக்கிறார். ஆனால் அம்மாவை ஓர் இடத்தில் உட்காரவைப்பது லேசான காரியமில்லை. எழுந்து எழுந்து நடந்திருக்கிறார். அப்புறம்தான் அந்தக் குவளை. வயசுக்கு ஒரு குவளை, மேலே ஒன்று ஊற்றுவது வழக்கம். அம்மாவுக்கு 74. அப்படியானால் 75 குவளை. அம்மாவுக்கு முப்பதுக்கு மேல் எண்ணிக்கை நிற்பதில்லை. முப்பத்திரண்டு, முப்பத்தைந்து என்று வந்ததும் விட்டுப்போய்விடும், முகம் கலங்கும். அந்த நேரத்தில் இவர் "லாபம்" என்று முதலிலிருந்து தொடங்கிவிடுவாராம், அதுதான் முறை என்பது போல. எத்தனை தடவை என்று கேட்டேன். சிரித்தார், சொல்லவில்லை. அவர் உள்ளங்கைத் தோல் ஊறிச் சுருங்கியிருந்தது.

பணம் கொடுக்கப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கும் இது குசலம்தானே", புண்ணியம்தானே என்று சொல்லி, குவளையைக் கழுவி இருந்த இடத்தில் வைத்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் கூட்டத்தில் கலந்துவிட்டார். நன்றி என்பதற்குப் பர்மியத்தில் சொல்லும் "ச்செய்ஸு டின்பாடே" என்ற ஒரு வார்த்தைகூட நான் சரியாகச் சொல்லவில்லை. நாலு நாளாக அதுதான் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

இந்த நாலு நாளாக நான் வேறொன்றையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நாங்கள் அம்மாவிடம் என்ன கேட்கிறோம்? காலையில் எழுந்ததும், "நான் யாரு, சொல்லு பாப்போம்?" மத்தியானம், "என்ன சாப்பிட்ட, ஞாபகம் இருக்கா?" வருகிற விருந்தாளியெல்லாம், "என்னைத் தெரியுதா ஆச்சி?" அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனாலும் ஒவ்வொன்றும் பரீட்சைதான். தெரியாதபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டு முந்தானை நுனியைத் திருகுவதைப் பார்த்துக்கொண்டேதான் அடுத்த கேள்வியும் கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு எது தெரியுமோ அதைக் கேட்கவேண்டும் என்று பெற்ற மகளுக்குத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத அந்தப் பிள்ளைக்குத் தோன்றியது. இனி எங்கள் வீட்டில் யாரும் அம்மாவைச் சோதித்துக் கேள்வி கேட்கக்கூடாது. வருகிறவர்களுக்கும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

வருகிற தபாங் பௌர்ணமிக்கு நான் ரங்கூன் போவேன். சாயங்காலம் துடைப்பம் பிடித்து அந்த வரிசையில் நிற்பேன். அந்தத் தம்பியைப் பார்க்க முடிந்தால் காலைத் தொட்டுக் கும்பிட வயது இடம் கொடுக்காது, கையைப் பிடித்துக்கொள்வேன். ரங்கூனில் இருப்பவர்கள் யாராவது அவரை அறிந்திருந்தால், சனிக்கிழமைப் பாட்டி நன்றாக இருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். யாத்திரையின் கடைசி நாள் சயாமா எங்கள் எல்லோரையும் உட்காரவைத்து, தண்ணீர் வார்த்து, செய்த புண்ணியத்தை எல்லா உயிருக்கும் பங்கு வைத்தார். "அம்யா, அம்யா, அம்யா" (பங்கு, பங்கு, பங்கு) என்று அவர் சொல்ல, நாங்கள் மூன்று முறை "தாது" (நன்று, அதாவது சாது) சொன்னோம். என் பங்கில் எது உண்டோ அது முழுக்க அந்தத் தம்பிக்கு.

நேற்று சனிக்கிழமை. அம்மாவைச் சைத்தான்லானுக்குக் கூட்டிப்போனேன். நான் மொண்டு கொடுத்தேன், அம்மா ஊற்றினார். இருபத்தொன்பது வந்தது, முப்பது வந்தது, முப்பத்தொன்று. குவளை பாதியில் நின்றது. அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

"லாபம்" என்றேன்.

குவளை சாய்ந்தது. "ரெண்டு" என்றார் அம்மா.