சதுரங்கப் பலகையும் வருகைப் பதிவேடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சதுரங்க வீரர் குகேஷ் நான்காம் வகுப்போடு முழுநேரப் பள்ளியை விட்டவர் என்பதால், சதுரங்கம் ஆடும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து உடனே நிறுத்திவிட வேண்டியதில்லை. சிபிஎஸ்இ கேட்பது 75 சதவீத வருகை. தேசிய, சர்வதேசப் போட்டிக்குப் போன நாட்களுக்குச் சலுகை உண்டு. பொதுத்தேர்வோடு போட்டி மோதினால், பள்ளி வழியே முன்கூட்டி விண்ணப்பித்துப் பின்னர் எழுதலாம். பெற்றோர் கோட்டை விடுவது காகிதத்தில்தான்; போட்டிச் சான்றிதழை ஆண்டிறுதியில் தேடுவார்கள். கிளம்பும் முன்பே விடுப்புக் கடிதம் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்கி வையுங்கள்.

ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாக 30 விநாடி என்றால், 60 நகர்வு ஆட்டம் நான்கு மணி நேரம் வரை இழுக்கும். அப்படி இரண்டு சுற்று ஆடிய பிள்ளையிடம் இரவில் கணக்கு நோட்டை நீட்டினால் ஒன்றும் ஏறாது. ஊர் திரும்பியதும் முதலில் கணக்கு. சமூக அறிவியல் காத்திருக்கும்.

- ஒரு வாசகர், சென்னை