எது கொரிய மரபிசை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மரபிசை என்றால் பழமையானது, அந்த மண்ணிலேயே பிறந்தது என்று கருதுகிறோம். கொரியர்கள் ‘குகாக்’, அதாவது நாட்டிசை, என்று வழங்கும் தொகுப்புக்கு இவ்விரு அளவுகோல்களும் பொருந்துவதில்லை. சீனத்தின் சோங் அரசவையிலிருந்து 1116-இல் வந்த சடங்கிசை அதில் அடங்கும். உழவர் மேளத்திலிருந்து எடுத்து, நான்கு தாளக்கருவிகளுடன் 1978-இல் சியோல் அரங்கில் உருவான சாமுல்நோரியும் (என்னைவிட வயதில் இளையது) அடங்கும். 12 நரம்புகள் கொண்ட கயாகும் கருவி இப்போது 25 நரம்புகளுடன் மேலைச் சுரவரிசைக்கேற்ப வாசிக்கப்படுவதால், கருவியை வைத்தும் எல்லை வகுக்க இயலவில்லை.

குமரி மாவட்டத்தாருக்கு இது புதிய சிக்கல் அன்று. அம்மன் கோயில் கொடை விழாவில் வில்லின் நாணை வீசுகோலால் தட்டி, குடத்தின் வாயில் மட்டையால் அடித்துப் பாடும் வில்லுப்பாட்டில் ஆர்மோனியம் சேர்ந்து நெடுங்காலமாகிறது. அதற்காகக் கதை கேட்க அமர்ந்தவர் எவரும் எழுந்து போனதில்லை.

என் பார்வையில், ‘சாங்தான்’ எனப்படும் தாளச் சுற்றுகளும் ஆசானிடம் செவிவழி கற்கும் முறையும் வயதைவிட நம்பகமான அடையாளங்கள், சீனச் சடங்கிசைக்கு அவையும் முழுதாகப் பொருந்தா எனினும். எனவே கட்டுரையாளர்கள் ‘தொன்மையான கொரிய இசை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், பான்சோரி (ஒரு மேளத்துணையுடன் ஒருவர் பாடிச் சொல்லும் கதைப்பாட்டு), சாமுல்நோரி என வகையின் பெயரையே குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை.