பேரனின் ரயிலும் பிளந்த பினியனும்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு மாப்பிள்ளையும் பேரனும் நீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விடுமுறைக்கு வந்திருந்தபோது ஓடாமல் நின்றுபோய், "தூக்கிப் போட்டுவிடுங்கள் அப்பா, புனேயில் புதிது வாங்கிக்கொள்கிறோம்" என்று நீ விட்டுச்சென்ற பேரனின் பொம்மை ரயில் இப்போது ஓடுகிறது. நாளை கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொன்னால் நீ 'சரி, சரி' என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவாய். அதே இடம் மறுபடியும் பழுதாகக் கூடியது என்பதால் எழுதியே அனுப்புகிறேன்.

மோட்டார் போய்விட்டது என்று நீ சொன்னாய், மோட்டாருக்கு ஒன்றுமில்லை. சுவிட்சைப் போட்டதும் 'விர்' என்று சுற்றும் சத்தம் கேட்டு, சக்கரம் மட்டும் அசையாமல் இருந்தால், பழுது மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். அடிப்பக்க மூடியைக் கழற்றி, மோட்டார் தண்டின் முனையையும் அதில் ஏறியிருக்கும் சின்னப் பல்சக்கரத்தையும், அதாவது பினியனையும், சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். பெரிய பல்சக்கரத்தை விரலால் பிடித்துக்கொண்டு ஒரு கணம் மின்சாரம் கொடுத்ததும், தண்டிலிருந்த கோடு ஒரு பக்கமும் பினியனிலிருந்த கோடு இன்னொரு பக்கமும் நின்றன. தண்டு பினியனுக்குள் வழுக்கிக்கொண்டு சுற்றியிருக்கிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பற்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில், பிளாஸ்டிக் மிக மெலிந்திருக்கும் அந்த இடத்தில், மயிரிழை போல ஒரு பிளவு ஓடியிருந்தது. நிற்பதற்கு முன்பு சில நாள் 'டிக், டிக்' என்று சத்தம் வந்ததாகப் பேரன் சொன்னானே, அதுவும் இதனால்தான். பிளவு விரிந்த இடத்தில் இரண்டு பற்களின் இடைவெளி கூடிவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் வரும்போது பல் சரியாக விழாமல் இடிக்கும்.

கையால் பிடித்து நிறுத்தி நிறுத்தி விளையாடியதால்தான் கெட்டது என்று நீ அவனைக் கடிந்துகொண்டாய். ஓடுகிற ரயிலை அப்படிப் பிடித்தால் மோட்டார் சூடேறும் என்பது உண்மைதான். ஆனால் இந்தப் பிளவுக்கு முதற்காரணம் அவன் அல்ல. பினியன் வழுக்காமல் இருப்பதற்காக, 2 மி.மீ. தண்டுக்கு அதைவிடச் சற்றே சிறிய துளையை வைத்து, அழுத்தி ஏற்றுகிறார்கள். அன்று முதல் அந்தப் பிளாஸ்டிக் உள்ளிருந்து வெளிப்புறமாக இழுபட்டபடியே இருக்கிறது. ரயில் பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் அந்த இழுவை முழுவதும் நீங்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரு நாள் பிளந்துவிடக்கூடும். இதை அவனிடம் நீயே சொல்லிவிடு.

பசை போட்டு ஒட்டலாம் என்று மாப்பிள்ளை சொன்னார். இத்தகைய வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் சாதாரண உடனடிப் பசை பிடிப்பதில்லை. பிடித்தாலும் இழுவை அப்படியே இருப்பதால் மறுபடி விட்டுவிடும். மாற்றுவது ஒன்றே வழி. பழையதில் பற்கள் 8, வெளிவிட்டம் 5 மி.மீ. பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி, வரும் 10-ஆல் வெளிவிட்டத்தை வகுத்தால் பல்லின் அளவு, அதாவது மாட்யூல், 0.5 என்று வரும். மாட்யூல் ஒன்றாக இருந்தாலும் 9 பல் பினியன் இங்கே உதவாது, ஏனென்றால் மோட்டார் தண்டுக்கும் பெரிய பல்சக்கரத்தின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம் 8 பல்லுக்கென்று வைத்தது, அதை மயிரிழையளவுதான் மாற்ற முடியும். பற்கள் ஒன்றையொன்று நெருக்கி இறுகிக்கொள்ளும். புதுச்சேரியில், பள்ளிப் பிள்ளைகளின் அறிவியல் செயல்திட்டத்துக்கான பொருள்கள் விற்கும் ஒரு கடையில் தேடி எடுத்தேன். பித்தளையிலும் இருந்தது. பித்தளை பிளக்காது என்றாலும் சத்தம் கூடும், எதிரிலுள்ள பிளாஸ்டிக் பற்களைத் தேய்த்துவிடவும் கூடும் என்பதால் வேண்டாமென்று விட்டேன். மாற்றுவதற்கு எளிய பாகம் தேயட்டும், மாற்ற முடியாதது தேய வேண்டாம்.

ஏற்றும் விதத்தில்தான் கவனம் வேண்டும். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றுவதைப் போல, பினியனை முதலில் சிறிது நேரம் வெந்நீரில் போட்டு இளக்கிக்கொள்ள வேண்டும். மோட்டாரின் பின்புறத் தண்டு முனை கெட்டியான பரப்பில் ஊன்றியிருக்கும்படி நிறுத்திக்கொண்டு, பினியனை நேராக அழுத்த வேண்டும். அப்படி ஊன்றாமல் அழுத்தினால் தண்டு பின்னால் நகர்ந்து மோட்டாரின் உள்பாகங்கள் கெடும். சுத்தியல் கூடவே கூடாது. பினியன் மோட்டாரின் முகத்தில் உரசாதபடி சிறிது இடைவெளி விட வேண்டும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் கியர்பாக்ஸ்களைப் பூட்டும்போது, பற்களுக்கு இடையில் ஈயக்கம்பியைக் கொடுத்துச் சுற்றி, நசுங்கிய கனத்தை அளந்து இடைவெளி பார்ப்போம். இங்கே ஈயக்கம்பிக்குப் பதிலாக மெல்லிய காகிதம் போதும். பற்களுக்கு நடுவே போய் வரும் காகிதம் மடிப்பு மடிப்பாக வெளியே வந்தால் சரி, கிழிந்தால் இறுக்கம் அதிகம். அதற்கேற்ப மோட்டாரை அதன் இருக்கையில் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

தேங்காய் எண்ணெய் விடாதே. நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். பற்களில் சிலிக்கான் கிரீஸை ஊசிமுனையளவு தடவியிருக்கிறேன், அது பல நாள் வரும். சக்கர அச்சில் உன் தலைமுடியும் கம்பள நூலும் சுற்றியிருந்தன, எடுத்துவிட்டேன். பேட்டரி கசிந்து முனைகளில் வெள்ளை பூத்திருந்தது, எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து உலர்த்தினேன். மூடியின் திருகாணியைப் பூட்டும்போது முதலில் இடப்புறமாக மெல்லச் சுற்றிப் பழைய புரியில் 'டக்' என்று விழுந்த பிறகு வலப்புறம் முறுக்கு. இல்லையென்றால் பிளாஸ்டிக்கில் புதுப் புரி வெட்டிக்கொண்டு, பிறகு எதுவுமே பிடிக்காது.

பினியன் என்றால் என்ன என்று பேரன் கேட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலைச் சொல். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில், தண்டவாளங்களுக்கு நடுவே இருக்கும் பற்சட்டத்தை எஞ்சினின் பினியன் கவ்விக்கொண்டுதான் ஏறுகிறது.

உபரிப் பினியன்களைச் சின்ன டப்பாவில் போட்டு, பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன். பெட்டி வந்து சேர்ந்ததும் ரயிலை ஓடவிட்டு, போனை அதன் அருகில் பிடி. வழியில் அடிபட்டு மோட்டார் இருக்கையில் நகர்ந்திருந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எந்தத் திருகாணியைத் தளர்த்த வேண்டும் என்று அப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா