அண்ணனைச் சோம்பேறி என்று சொல்லாதவர்களுக்கு நன்றி

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் காதில் கேட்ட குரல்கள் அடங்கின. சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை அதோடு நோய் தீர்ந்தது. ஆனால் புளி, எண்ணெய், தீப்பெட்டி வாங்கப் போனவர் எண்ணெயோடு மட்டும் திரும்புவார். ஒரு கேள்விக்குப் பதில் வர நேரமாகும். "சோம்பேறித்தனம்" என்றார்கள்.

அதுவும் நோய்தான் என்று எங்களை உட்காரவைத்துச் சொன்ன மனநல மருத்துவருக்கு முதல் நன்றி. கவனம், நினைவு, யோசிக்கும் வேகம் எல்லாம் இந்த நோயில் குறையும். பலருக்குக் குரல் கேட்பதற்கு முன்பே இது ஆரம்பித்துவிடும். குரலை அடக்கும் மாத்திரை இதைப் பெரிதாகச் சரிசெய்யாது என்றார். கை நடுக்கத்துக்குக் கொடுத்த டிரைஹெக்ஸிபெனிடில் நினைவை இன்னும் மங்கவைக்கும் என்று, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தவரும் அவரே. (யாரும் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.)

அப்புறம், பகல்நேர மறுவாழ்வு மையத்துப் பயிற்சியாளர் அக்கா. கவனத்துக்கான பயிற்சியாக, துவரம்பருப்பையும் பச்சைப்பயறையும் ஒரு தட்டில் கலந்து பிரிக்கச் சொல்வார். செய்தித்தாளில் ஒரு பத்தியைக் காட்டி, 'க' எழுத்தை எல்லாம் அடிக்கச் சொல்வார். எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் விட்டுப்போனதையும் நோட்டில் குறித்துக்கொள்வார். ஆரம்பத்தில் அண்ணன் பாதித் தட்டில் எழுந்துவிடுவார். அக்கா முகம் சுளித்ததே இல்லை; மறுநாள் தட்டில் தானியத்தைக் குறைத்து வைப்பார். பயிற்சியோடு ஒரு வேலையும் சேர்ந்தால்தான் பலன் நிற்கும் என்று இடம் தேடி அலைந்ததும் அவர்தான்.

அந்த இடம் திருவல்லிக்கேணியில் ஒரு பைண்டிங் கடை. பாய், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! ஃபாரங்களை, அதாவது புத்தகத்துக்காக அச்சடித்து மடித்த தாள்களை, வரிசையாக அடுக்கும் வேலையை அண்ணனுக்குக் கொடுத்தீர்கள். வாயால் நாலு வேலையை ஒன்றாகச் சொல்லாமல், சிலேட்டில் ஒன்றை மட்டும் எழுதிவைத்தீர்கள். அது முடிந்தபின்தான் அடுத்தது. ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய நாற்காலியைச் சுவர் ஓரமாக மாற்றிப்போட்டதும் நீங்களே. எங்கள் யாருக்கும் தோன்றாதது அது. இப்போது சம்பளத்தை அண்ணன் தானே எண்ணி அம்மா கையில் கொடுக்கிறார்.

1984-ல் சென்னையில் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி, இந்த நோய் வந்தவர்களும் வேலைக்குப் போய் வாழ முடியும் என்று பாடுபட்ட டாக்டர் சாரதா மேனன் 2021-ல் மறைந்தார். அவரையும் இங்கே கைகூப்பி நினைத்துக்கொள்கிறேன்.

பாய், மையத்திலிருந்து இன்னொரு தம்பியை அனுப்பலாமா என்று அக்கா கேட்டதற்கு, "இன்னொரு சிலேட்டு வாங்கிடறேம்மா" என்றீர்களாம். அந்தத் தம்பியின் வீட்டார் சார்பிலும் நன்றி.

அன்புடன்,
அண்ணனின் தங்கை