அரையாண்டு விடுமுறையில் லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுபோகும் முன்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

விடுமுறையில் வேலூருக்குப் போய் லேப்டாப்பில் விண்டோஸ் 11 போட்டுவரலாமா என்று நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டீர்கள். 2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் வழக்கமாகத் தரும் பாதுகாப்பு அப்டேட்கள், முடிந்துவிட்டது. திரையில் எச்சரிக்கை வருவதைப் பார்த்துப் பிள்ளைகளும் பயப்படுகிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் 12ஆம் வகுப்புப் பெற்றோருக்கு என் பதில்: இப்போது வேண்டாம், பொதுத்தேர்வு முடியட்டும். கணினியின் அப்டேட் பகுதியில் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் தொடர்ந்து கிடைக்கும்.

மற்றவர்களுக்கு, நான் பட்டதைச் சொல்கிறேன். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7க்கு இதே நிலை வந்தது. அப்போது வேலை பார்த்த பள்ளியின் அலுவலகக் கணினியை ஒரு கடையில் கொடுத்து, "புது விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்றேன். மாலையில் போனால் கணினி பளிச்சென்று இருந்தது. டெஸ்க்டாப்பில் ஒரு ஃபைல்கூட இல்லை. "ஃபார்மெட் பண்ணித்தானே சார் போடுவோம்" என்றார் கடைக்காரர். பல வருட வினாத்தாள்கள் போயின. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதை வைக்கணும், எதை அழிக்கலாம் என்று நான்தான் சொல்லவில்லை.

ஆகவே கடையில் தெளிவாகச் சொல்லுங்கள்: "ஃபார்மெட் வேண்டாம், அப்கிரேடு மட்டும் பண்ணுங்க." 10இலிருந்து 11க்கு அப்படிப் போனால் ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பவும் வழி உண்டு.

அதற்காக நகல் எடுக்காமல் கொடுத்துவிடாதீர்கள். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லாவற்றையும் பென்டிரைவிலோ தனி ஹார்ட் டிஸ்க்கிலோ போடுங்கள். "டி டிரைவ்ல இருக்கு சார்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். சியும் டியும் பெரும்பாலும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள்தான். டிஸ்க் போனால் இரண்டும் போகும். நகல் எடுத்த பிறகு, வேறொரு கணினியில் அதிலிருந்து இரண்டு ஃபைலையாவது திறந்து பாருங்கள். பழைய பென்டிரைவ்கள் சிலவற்றில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது, கல்யாண வீடியோ வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். வீட்டிலேயே செய்கிறீர்கள் என்றால் சார்ஜரைக் கழற்றாதீர்கள், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் தொடங்காதீர்கள். பாதியில் அணைந்தால் விண்டோஸே எழுந்து வராமல் போகலாம்.

தமிழ் ஃபைல்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. வானவில், பாமினி எழுத்துருவில் அடித்தவை, ஃபார்மெட் செய்த கணினியில் ஆங்கில எழுத்தும் குறியுமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். எழுத்துருவை மறுபடி போட்டால் தமிழ் வந்துவிடும். நகல் எடுக்கும்போதே அந்த எழுத்துருக்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன், அக்கா வாங்கிய அரசு லேப்டாப்தான் பல வீடுகளில் ஓடுகிறது. உள்ளே இருப்பது இன்டெல் புராசஸர் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 ஏற்காது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பையும் கேட்கும். குறுக்கு வழியில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த லேப்டாப்புக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளம் போதும். பிளஸ் 2 பாடத்தில் வரும் பைத்தான் அதில் நன்றாகவே ஓடும். பென்டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் நகல் எடுத்துவிட்டு அப்புறம் உள்ளே ஏற்றலாம்.

பென்டிரைவ் இல்லாத பிள்ளைகள் விடுமுறைக்கு முந்தைய இரண்டு நாட்களில், மாலை 4 மணிக்கு லேப்டாப்பும் சார்ஜருமாகக் கணினி ஆய்வகத்துக்கு வரட்டும். பள்ளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துவைப்போம், கட்டணம் கிடையாது. வீட்டுப் புகைப்படங்களை மட்டும் நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவை எங்களிடம் வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப் பள்ளி,
வேலூர் மாவட்டம்.