பாடலாசிரியர் பெயர்களைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பழம்பாடல் அன்பர்களுக்கு வணக்கம்.

1950களிலும் 1960களிலும் வெளிவந்த தமிழ்த் திரைப்பாடல்களை, இயற்றியவர் பெயரோடு சேர்த்து நான் தொகுத்தனுப்பிய பட்டியலை வரிவரியாகப் படித்து, பிழைகளைச் சான்றோடு சுட்டிக்காட்டிய உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

'குடியிருந்த கோயில்' (1968) படத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அதன் பாடல்கள் அனைத்தையும் வாலியின் பெயரிலேயே எழுதிவிட்டிருந்தேன். 'துள்ளுவதோ இளமை' அவருடையதே. ஆனால் 'நான் யார் நான் யார் நீ யார்' புலமைப்பித்தனுடையது, 'ஆடலுடன் பாடலைக் கேட்டு' ஆலங்குடி சோமுவுடையது, டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடிய 'குங்குமப் பொட்டின் மங்கலம்' ரோஷனாரா பேகம் எழுதியது என்று ஒரே வாரத்தில் மூன்று ஊர்களிலிருந்து மடல்கள் வந்தன. அக்காலப் படங்களின் தொடக்க எழுத்துகளில் பாடலாசிரியர் பெயர்கள் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். எந்தப் பாட்டு எவருடையது என்பது அதிலிருந்து விளங்காது. அதனால் பெயர் பெற்ற கவிஞரின் கணக்கிலேயே எல்லாம் சேர்ந்துவிடுகின்றன. பெண்கள் திரைப்பாடல் எழுதுவது மிக அரிதாயிருந்த காலத்தில் ஒரு பெண் எழுதிய பாட்டையும் அவ்வாறே நான் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளித்தது. தம் தாயார் திரையரங்கு வாசலில் வாங்கிப் பாதுகாத்த பாட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிய மதுரை அன்பருக்கு நான் பெரிதும் கடமைப்பட்டுள்ளேன். இதே படத்திற்கு விசுவநாதன்–ராமமூர்த்தி இசை என்று நான் எழுதியதையும் அவரே திருத்தினார்; அவ்விருவரும் 1965இலேயே பிரிந்துவிட்டதால் இது எம்.எஸ்.விசுவநாதன் தனியாக இசையமைத்த படம்.

'மணப்பாறை மாடுகட்டி' பாட்டைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்துக்கு உரியதாக்கியிருந்தேன். உழவரைப் பற்றிய பாட்டென்றாலே அவர் பெயர் நம் நாவில் முந்திக்கொள்கிறது. 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்துக்காக அதை எழுதியவர் அ.மருதகாசி என்பதை, இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்து அம்மையார் ஒருவர் எடுத்துரைத்தார். அறிவிப்பாளர் சொல்லச் சொல்ல அவர் சிறுவயதில் எழுதிவைத்த குறிப்பேடு என் பட்டியலைவிடப் பலமுறை சரியாயிருந்தது.

'பொம்மை' (1964) படத்தை இயக்கி இசையமைத்தவர் வீணை எஸ்.பாலச்சந்தர், நானோ இயக்குநர் கே.பாலசந்தரைக் குறித்திருந்தேன். அதைத் திருத்தியவர், அப்படத்தில் கே.ஜே.யேசுதாஸ் பாடிய 'நீயும் பொம்மை நானும் பொம்மை' வித்வான் வே.லட்சுமணன் இயற்றியது என்பதையும் சேர்த்தே தெரிவித்தார்.

உங்களில் ஒருவர்கூடக் கடிந்து எழுதவில்லை. சான்றை முன்வைத்து, "சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டுமே கேட்டீர்கள். அப்பண்பினால்தான் நானும் தயக்கமின்றி ஒவ்வொரு பதிவையும் மறுபடி பார்க்க முடிந்தது.

திருத்திய பட்டியலை வரும் மாதம் உங்கள் அனைவருக்கும் அனுப்புகிறேன். பாடலாசிரியர் பெயர்களை இம்முறை அகரவரிசையில் அமைத்திருக்கிறேன். அதில் ரோஷனாரா பேகம் என்ற பெயருக்கு எதிரே அவருடைய பாட்டு இப்போது இருக்கிறது.

நன்றியுடன்,
தொகுப்பாளர்