செந்தூல் நண்பருக்கு: பழைய டீசல் வண்டிகளும் அரசுப் பணமும்

பட்டர்வொர்த்

அன்புள்ள கோவிந்தனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு வலி தணிந்து மீண்டும் காலை நடைக்குப் போகிறாய் என்பதில் மகிழ்ச்சி. போகும் வழியெல்லாம் பள்ளிப் பேருந்துகள் இன்ஜினை அணைக்காமல் நின்று புகை கக்குகின்றன என்றும், உங்கள் குடியிருப்போர் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனு கொடுக்கப் போகிறது என்றும், அதில் "பழைய டீசல் வண்டிகளை மாற்ற அரசு நிதி உதவி தர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்திருப்பதாகவும் எழுதியிருந்தாய். லோரிக் கம்பெனியில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் என் கருத்தைக் கேட்டிருக்கிறாய். வீட்டில் அனைவரும் நலம். பேரன் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஒரு வரி போதாது. அரசிடம் பணம் கேட்பவர்கள் மலிந்த நாடு நம் மலேசியா. எதற்குப் பணம், பணம் வாங்கிய பிறகு பழைய இன்ஜின் என்ன ஆக வேண்டும் என்பதை மனு சொல்லாவிட்டால், நல்ல நோக்கத்துடன் தொடங்கும் திட்டமும் வண்டி வியாபாரிகளின் விற்பனை விழாவாகத்தான் முடியும். 2009ஆம் ஆண்டுப் பொருளாதார ஊக்கத் திட்டத்தில் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரைக் கொடுத்துப் புரோட்டோன் அல்லது பெரோடுவா வாங்குவோருக்கு 5,000 வெள்ளி (ரிங்கிட்) தள்ளுபடி கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? உள்நாட்டுக் கார்களை விற்பதற்கு வந்த திட்டம் அது. புகையைப் பற்றிய கவலை அதில் பெரிதாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் அரசு டீசலுக்குப் பணம் கொடுக்காமல் இல்லை, கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் அரசு மானியத்தை விலக்கியதால் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்கு உயர்ந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி வெள்ளி மிச்சமாகும் என்று அரசு மதிப்பிட்டது. எல்லை தாண்டிக் கடத்தப்பட்டும், தகுதியில்லாத தொழிற்சாலைகளின் தொட்டிகளில் ஊற்றப்பட்டும் போன டீசலை நிறுத்த வேண்டியிருந்தது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சரக்கு லோரிகளுக்கு ஒரு அட்டை கொடுத்து, பழைய விலையான 2 வெள்ளி 15 சென்னுக்கே டீசல் ஊற்ற விட்டார்கள். என் அக்காள் மகனும் அந்த அட்டையில்தான் ஊற்றுகிறான். அட்டை வண்டியின் பதிவு எண்ணோடு பிணைக்கப்பட்டது. எந்த வண்டி எந்த ஆண்டு பதிவானது என்பது சாலைப் போக்குவரத்து இலாகாவின் கணினியில் இருக்கிறது. ஆனாலும் இருபது ஆண்டு ஓடிக் களைத்த லோரிக்கும் சென்ற ஆண்டு வாங்கிய லோரிக்கும் ஒரே விலை. பழையது அதிகம் குடிக்கும் என்பதால் உண்மையில் அதற்குத்தான் அதிக மானியம் போய்ச் சேருகிறது. மாதந்தோறும் எரிந்து போகும் டீசலுக்குக் கொடுக்கும் இந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது, ஒரே தடவையில் இன்ஜினை மாற்றக் கொடுத்தால் அதன் பலன் பத்து ஆண்டு நிற்கும். மனுவின் முதல் பத்தியில் இதை எழுது. புதிதாகப் பணம் கேட்பதைவிட, கொடுக்கும் பணத்தைத் திருப்பிவிடச் சொல்வதற்கு அமைச்சில் காது கொடுப்பார்கள்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டத்தின் ஒரு பகுதியாக, பழைய டீசல் இன்ஜின்களை மாற்ற மானியம் தரும் டீசல் புகைக் குறைப்புச் சட்டம் ஒன்று வந்தது. ஒஹாயோவின் குடியரசுக் கட்சி செனட்டர் ஜார்ஜ் வொய்னோவிச்சும் டெலவேரின் ஜனநாயகக் கட்சி செனட்டர் டாம் கார்ப்பரும் சேர்ந்து முன்னின்றது அது. 2008இல் முதல் ஒதுக்கீடு வந்தது. 2009ஆம் ஆண்டு பொருளாதார மீட்பு நிதியிலிருந்து ஒரே மூச்சில் 30 கோடி டாலர் கிடைத்தது. சட்டம் வருவதற்கு முன்பே கலிபோர்னியா 1998இல் கார்ல் மோயர் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: சட்டப்படி எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலைக்குப் பணம் கிடையாது, சட்டம் கேட்பதற்கு மேலாகவோ, கேட்கும் நாளுக்கு முன்பாகவோ புகையைக் குறைப்பவருக்குத்தான் பணம்.

இன்னொரு விதியை நீ கட்டாயம் மனுவில் சேர்க்க வேண்டும். அமெரிக்கத் திட்டத்தில் புதிய வண்டிக்குப் பணம் வாங்குபவர் பழைய வண்டியை விற்க முடியாது, அழிக்க வேண்டும். அழிப்பது என்றால் வாய்ச்சொல் இல்லை: இன்ஜினின் உடலான இரும்பு பிளாக்கின் சுவரில் மூன்று அங்குல அளவுக்குத் துளை வெட்ட வேண்டும், வண்டியைத் தாங்கும் சேசிஸின் இரும்புச் சட்டகங்களை இரண்டாக அறுக்க வேண்டும், இன்ஜின் எண்ணும் துளையும் தெரியும்படி படம் எடுத்துக் கணக்கோடு அனுப்ப வேண்டும். முதன்முதலில் படித்தபோது இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் பட்டறையில் நின்றவனுக்குத் தெரியும், டீசல் இன்ஜினுக்குச் சாவு எளிதில் வராது. லோரி சாலைக்கு லாயக்கில்லை என்றானதும் இன்ஜினைத் தூக்கி இன்னொரு லோரியில் வைப்பார்கள். அதுவும் முடிந்தால் படகில், கல்லுடைப்பு ஆலையில், ஜெனரேட்டரில் வைப்பார்கள். பிளாக் முழுதாக இருக்கும்வரை பிஸ்டனும் லைனரும் மாற்றி ஓட்டிக்கொண்டே இருக்கலாம். பக்கத்து ஊரான பிறையிலிருந்து கிளம்பும் பழைய லோரிக்கு அரசு பணம் கொடுத்து, அதே இன்ஜின் பெர்லிஸ் எல்லையில் வேறொரு வண்டியில் புகைந்தால், நாம் பணம் கொடுத்துப் புகையை இடம் மாற்றியிருக்கிறோம் என்றுதான் பொருள். பிளாக்கில் துளை விழுந்தால் அது பழைய இரும்பு. துளை போடச் செலவும் அதிகமில்லை, ஏமாற்றவும் வழியில்லை.

பள்ளிப் பேருந்து பற்றி உனக்கு இருக்கும் கவலைக்கு வருகிறேன். அமெரிக்காவில் 2021ஆம் ஆண்டு உள்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர் பள்ளிப் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கினார்கள். 2022இல் முதல் சுற்றில் விண்ணப்பங்கள் குவிந்ததால் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள்; ஏழைப் பள்ளி வட்டாரங்களுக்குப் பெரிய மின்பேருந்து ஒன்றுக்கு 3,75,000 டாலர் வரை கொடுத்தார்கள். அந்தத் தொகையை நம் மனுவில் எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் அதற்கு முன்பு அவர்கள் செய்த சிறிய வேலை ஒன்று நமக்குப் பொருந்தும். பழைய பேருந்தின் உள்ளே பிள்ளைகள் மூச்சில் இழுப்பது பின்னால் போகும் புகையை மட்டுமன்று. இன்ஜினின் அடிப்பெட்டியான கிரேங்க்கேசிலிருந்து வரும் ஆவி, அதை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாகக் கீழே கசிந்து, முன் இன்ஜின் வண்டிகளில் பிள்ளைகள் ஏறும் கதவருகிலேயே உள்ளே புகுகிறது. அந்தக் குழாயை ஒரு வடிகட்டி வழியாகத் திருப்பி இன்ஜினுக்கே அனுப்பும் கருவி, புதிய பேருந்தோடு ஒப்பிட்டால் அற்ப விலை. வாசலில் நிற்கும்போது இன்ஜினை அணைப்பதற்கோ ஒரு சென்கூடத் தேவையில்லை; பள்ளிப் பொறுப்பாளரின் ஒரு கண்டிப்பான வார்த்தை போதும். மனு நாடாளுமன்றத்துக்குப் போவதற்கு முன் நீங்களே தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள்.

சிறு முதலாளிகள்தான் இத்தகைய திட்டங்களில் எப்போதும் விடுபட்டுப் போகிறார்கள். அமெரிக்கத் திட்டத்தில் அண்மை ஆண்டுகளின் விதிப்படி பழைய டீசல் வண்டிக்குப் பதில் புதிய டீசல் வண்டி வாங்கினால் விலையில் 25 விழுக்காடு, மின்வண்டி என்றால் 45 விழுக்காடு தந்தார்கள். மீதியை உரிமையாளர்தான் போட வேண்டியிருந்தது. நூறு லோரி வைத்திருக்கும் கம்பெனிக்கு மீதிப் பணம் பிரச்சினை இல்லை. ஒற்றை லோரியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு 25 விழுக்காடு ஒரு கண்துடைப்புத்தான். அவருக்கு வங்கி கடன் தராது, தந்தாலும் வட்டி கழுத்தை நெரிக்கும். ஆகவே மானியத்தோடு கடன் உத்தரவாதமும் வேண்டும் என்று எழுது.

பணத்தோடு கெடுவும் வேண்டும். இதைச் சரியாகச் செய்தது ஹாங்காங் என்பது என் எண்ணம். 2000ஆம் ஆண்டு தொடங்கி டீசல் டாக்சி ஒவ்வொன்றுக்கும் 40,000 ஹாங்காங் டாலர் கொடுத்து எரிவாயுவுக்கு மாற்றினார்கள். பிறகு 2014 மார்ச்சில் 1,140 கோடி ஹாங்காங் டாலர் ஒதுக்கி, ஏறத்தாழ 82,000 பழைய டீசல் வணிக வண்டிகளைச் சாலையிலிருந்து எடுக்கத் திட்டம் போட்டார்கள். யூரோ எனப்படும் ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கும் முந்தைய வண்டிகளுக்கு 2015 இறுதி, யூரோ 1 வண்டிகளுக்கு 2016 இறுதி, யூரோ 2க்கு 2017, யூரோ 3க்கு 2019 என்று படிப்படியாகக் கெடு. அந்த நாளுக்குப் பிறகு உரிமம் புதுப்பிக்கப்படாது. புதிதாகப் பதிவாகும் டீசல் வணிக வண்டிக்குப் பதினைந்து ஆண்டுதான் ஆயுள் என்றும் அப்போதே விதித்துவிட்டார்கள். பணம் மட்டும் கொடுத்தால் எல்லாரும் அடுத்த ஆண்டு இன்னும் கூடுதலாகக் கிடைக்கும் என்று காத்திருப்பார்கள்; கெடு மட்டும் வைத்தால் துறைமுகத்தில் மறியல் நடக்கும்.

உன் மருமகன் புதிய வண்டியே வேண்டாம், புகைக் குழாயில் வடிகட்டி பொருத்தினால் போதும் என்கிறார் என்று எழுதியிருந்தாய். அது ஓரளவு சரி. அந்த வடிகட்டி தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. ஒவ்வொரு துளையும் ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். புகை பக்கச் சுவரின் வழியாகக் கசிந்துதான் வெளியேற முடியும் என்பதால் கரி உள்ளேயே தங்கிவிடும். நன்றாக வேலை செய்தால் பத்தில் ஒன்பது பங்கு கரி நிற்கும். முன்பு இதை இங்கே பேசவே முடியாது, 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு) கந்தகம் கொண்ட நம் பழைய டீசல் அந்த வடிகட்டியில் கரி எரிய உதவும் வினையூக்கியைக் கெடுத்துவிடும். 2021 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் 10 பி.பி.எம். கந்தகம் கொண்ட யூரோ 5 டீசல் வந்துவிட்டதால் அந்தத் தடை நீங்கியது. ஆனால் தங்கிய கரி எரிந்து தீர வேண்டும். அதற்குப் புகைக் குழாய் நன்றாகச் சூடேற வேண்டும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவரை இழுக்கும் லோரிக்கு அந்தச் சூடு தானாக வரும். பட்டர்வொர்த் சரக்குப் பெட்டி முனையத்தின் வரிசையில் நாள் முழுவதும் ஊர்ந்து நிற்கும் லோரிக்கு வராது. வடிகட்டி அடைத்துக்கொள்ளும், இழுவை குறையும், ஒரு மாதத்தில் ஓட்டுநர் அதைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை வெல்டிங் செய்யச் சொல்வார்.

தோக்கியோவின் கதையையும் உன் மருமகனிடம் சொல். ஆளுநர் இஷிஹாரா பிளாஸ்டிக் போத்தலில் கரியைப் போட்டுச் செய்தியாளர்கள் முன் ஆட்டிக் காட்டிப் பிரசாரம் செய்தார். 2003 அக்டோபரிலிருந்து தரம் எட்டாத டீசல் வண்டிகள் தலைநகர் வட்டாரத்தில் ஓடத் தடை வந்தது. வடிகட்டி பொருத்த மானியமும் கொடுத்தார்கள். மறு ஆண்டே, 20,000க்கும் மேல் விற்பனையான ஒரு வடிகட்டியின் சோதனைக் கணக்கு பொய் என்று அம்பலமாயிற்று. அரசுப் பணம் செல்லும் எந்தக் கருவியையும் விற்பவரின் தாளை நம்பாமல் சொந்தமாகச் சோதித்துப் பட்டியலிட வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.

நம்முடைய சோதனையும் இந்த இடத்தில்தான் இடறுகிறது. 1996ஆம் ஆண்டு டீசல் இன்ஜின் விதிமுறைகளின்படி நியூட்ரலில் பெடலை முழுதாக மிதித்துப் புகையை அளப்பார்கள். புகையின் கருமையைக் குறிக்கும் ஹார்ட்ரிஜ் அலகில் அது 50க்கு மேல் போகக் கூடாது. சோதனைக்கு முதல் நாள் டீசல் பம்பின் திருகைத் திருப்பி டீசல் வரத்தைக் குறைத்துவிட்டு, தேறிய மறுநாள் மலையேற இழுவை வேண்டும் என்று திருகைப் பழைய நிலைக்கே திருப்பிவிடுவது எல்லாப் பட்டறைக்கும் தெரிந்த வித்தை. ஆகவே மானியம் பெறும் வண்டியைச் சுற்றுச்சூழல் இலாகா சாலையிலேயே, முன்னறிவிப்பின்றி நிறுத்திச் சோதிக்க வேண்டும். தேறாவிட்டால் பணத்தைத் திரும்பப் பெற வேண்டும்.

உடல்நலக் காரணத்துக்கு நீண்ட விளக்கம் எழுத வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்தது என்ற ஒரு வாக்கியம் போதும்.

மனுவை எழுதி முடித்ததும் கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரு நகலை எனக்கு அனுப்பு. கடன் உத்தரவாதம் பற்றிய பத்தியை அக்காள் மகனிடம் காட்டி, வங்கியில் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்பதைச் சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். செந்தூல் வட்டாரப் பள்ளிப் பேருந்துகளின் பதிவு ஆண்டை ஓட்டுநர்களிடம் விசாரித்து ஒரு பட்டியல் போட முடியுமா பார். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சுப்பையா